இரத்தக்காட்டேரிக்குத் தமிழ் வசனம்

மார்ச் 4, செவ்வாய்

தமிழ் எப்படிக் கெட்டுப்போனது என்று பிற்காலத்தில் யாராவது விசாரித்தால் ஒரு சாட்சி வேண்டும். அதற்காகவே இந்த நாட்குறிப்பு. அறுபத்தோரு வயது வயிரவனாகிய எனக்கு, இருபத்தாறு ஆண்டுகளாகப் புராணத் தொடர்களுக்கு மொழிமாற்று வசனம் எழுதி, தேவர்களையும் அசுரர்களையும் இலக்கணப் பிழையில்லாமல் பேசவைத்தவனுக்கு, இன்று ஓர் இரத்தக்காட்டேரியை ஒப்படைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் சரக்கு. இருபத்துநான்கு பகுதிகள். சேனல்காரர்கள் அதற்கு ‘ரத்தமே உயிரே’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஓர்வின் என்பவனுக்கு வயது முந்நூற்றுப் பன்னிரண்டு. பார்வைக்குப் பத்தொன்பது. முந்நூறு வருடம் சாகாமல் இருப்பவன் என்ன செய்யலாம்? பத்து மொழி படிக்கலாம். ஒரு ஏரியையாவது தூர் வாரலாம். இவன் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் படிக்கிறான். அங்கே மேபல் என்ற பெண்ணைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான். முதல் பகுதியில் அவன் பார்ப்பது மட்டும் பதினோரு நிமிடம். அவள் தூங்கும்போது ஜன்னலுக்கு வெளியே மரத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். எங்கள் சாலிகிராமத்தில் அப்படி ஒருவன் மரத்தில் உட்கார்ந்தால் காதலன் என்று சொல்ல மாட்டார்கள். காவல் நிலையத்துக்குத்தான் போன் போடுவார்கள்.

உமையாளோடு சேர்ந்து பார்த்தேன். உமையாள் என் மனைவி. நான் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் தட்டச்சு செய்பவள். எனக்கு அந்தக் கருவியோடு ஒத்துவராது.

“பாவமா இருக்குங்க அந்தப் பையனப் பாத்தா” என்றாள்.

முந்நூறு வயதுப் பையன்!

மார்ச் 7, வெள்ளி

சேனலில் கூட்டம். ‘வாம்பயர்’ என்றே விட்டுவிடலாமா, தமிழில் சொல்லலாமா என்று இரண்டு மணி நேரம் விவாதம். நான் ‘குருதியுண்ணி’ என்ற சொல்லை முன்வைத்தேன். “உண்ணியா சார்? நாய் காதுல இருக்குமே, அதுவா?” என்றாள் ஒரு பெண். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர்களுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரோ, அவர்களைத்தான் முதலில் கடிக்க வேண்டும்.

கடைசியில் ‘இரத்தக்காட்டேரி’ என்று முடிவானது. அதுவும் தவறு. காட்டேரி எங்கள் பக்கத்தில் பெண் தெய்வம். கோழி கேட்பாள். கொடுக்காவிட்டால் காய்ச்சலில் போட்டுப் புரட்டுவாள். “உன்னைக் காயப்படுத்திவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்” என்று யாரிடமும் கண்கலங்கி நிற்க மாட்டாள். அவளுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

இரண்டாம் பகுதியில் ஓர்வின் பூண்டைக் கண்டு பதறி ஓடுகிறான். எங்கள் வீட்டு மிளகு ரசம் கொதிக்கும்போது இவன் தெருமுனையில் நின்றிருந்தாலே போதும், தொடர் இரண்டாம் பகுதியோடு முடிந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

ஒலிப்பதிவு தொடங்கியது. டப்பிங் இயக்குநர் ரெஜினா. பதினோரு ஆண்டுகளாக என் தொடர்களை நடத்துபவள்; வேலை தெரிந்தவள். ஓர்வினுக்குக் குரல் கொடுப்பவர் டென்சில், தூத்துக்குடிக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பனார். கண்ணாடி அறைக்குள் கைலியோடு நின்றுகொண்டு முந்நூறு வருடத் தாபத்தைப் பெருமூச்சாக விடுகிறார்.

இந்தத் தொழிலைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்று: வசனம் அழகாக இருந்தால் போதாது. திரையில் இருப்பவனின் உதடு ஒட்டும் இடத்தில் நம் வசனத்திலும் உதடு ஒட்டும் எழுத்து, ப-வோ ம-வோ, வந்து விழ வேண்டும். இந்தக் காட்டேரியோ கோரைப் பல்லை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதால் பாதி நேரம் உதடே ஒட்டுவதில்லை. எழுதுபவனின் உயிரை எடுக்கிறான்.

சிற்றுண்டிச்சாலைக் காட்சி. நீ ஏன் சாப்பிடவில்லை என்று மேபல் கேட்கிறாள். ‘யான் நோன்பு நோற்கிறேன்’ என்று எழுதச் சொல்லியிருந்தேன். கடைசியில் ‘எனக்குப் பசிக்கல’ என்று மாறியது. டென்சில் அதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அறையில் இருந்த ஒலிப்பதிவாளர்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். “சூப்பர் சார்” என்றாள் ரெஜினா.

அந்த வரி எனக்கு நேற்று பீன்ஸ் நறுக்கும்போது வந்தது. பீன்ஸை நறுக்கியது உமையாள். “பசியில கெடக்கிறவுகதான் பசிக்கலம்பாக” என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே உதடு ஒட்டுகிறது என்று அவள்தான் கத்தியால் திரையைச் சுட்டிக் காட்டினாள் என்றும் நினைவு. ஆனால் கேட்பதும் பார்ப்பதும் வேறு, எழுதுவது வேறு.

மார்ச் 17, திங்கள்

ஆறாம் பகுதி முடிந்தது. ஓர்வின் மனிதரைக் கடிப்பதில்லையாம். மான் இரத்தம் குடிக்கிறானாம். அதற்கு ஒரு வயலின் வாசிக்கிறார்கள். புலி புல்லைத் தின்கிறது என்று படம் எடுத்து, அதற்கு நம்மை அழவும் சொல்கிறார்கள். உலகம் முழுக்க இளம்பெண்கள் இதைப் பார்த்து உருகுகிறார்களாம்.

உமையாளிடம் இதைச் சொன்னேன். சட்டை மடித்துக்கொண்டிருந்தவள், “அவன் நல்லவனா கெட்டவனாங்கிறது இல்லங்க கதை. அடுத்தவுககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டாத்தான் அவனால இருக்க முடியும். அது தெரிஞ்சு கூசுறான். அந்தக் கூச்சந்தான் அந்தப் புள்ளைக்குப் பிடிச்சிருக்கு” என்றாள்.

தேவகோட்டையில் எட்டாம் வகுப்பு படித்தவளுக்கு இது அதிகப்படியான விளக்கம். இருந்தாலும் கடைசி இரண்டு சொற்றொடரைப் பத்தாம் நிமிடத்தில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தேவகோட்டையிலிருந்து போன். உமையாளின் மூத்த அக்கா தெய்வானை ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டுவிட்டார். காரைக்குடியில் அறுவை சிகிச்சை. ஆச்சிக்குப் பிள்ளைகள் இல்லை. உமையாள் பெட்டி கட்டுகிறாள்.

மார்ச் 19, புதன்

ரயிலேற்றிவிட்டு வந்தேன். “எப்படிச் சமாளிப்பீக?” என்று மூன்று முறை கேட்டாள். குக்கர் எத்தனை விசில், பால்காரர் எண், மடிக்கணினியைத் திறப்பது எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். “நான் சமாளிப்பேன். எழுதுகிறவன் நான்தானே” என்றேன்.

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். ரயில் நகர்ந்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

ஒற்றை விரலால் தட்டினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: யாரும் குறுக்கே பேசாததால் நடை கம்பீரமாக வந்திருக்கிறது. ஏழாம் பகுதியில் மேபலின் விரலில் காகிதம் கிழித்து இரத்தம் கசியும் காட்சி. ‘நங்கையே! நின் செங்குருதியின் நறுமணம் என் நெஞ்சக் கூட்டை நெருப்பாக்குகிறது!’ பழைய நாடக மேடையாக இருந்தால் இந்த இடத்தில் கைதட்டல் வந்திருக்கும்.

டென்சில் தாளை இரண்டு முறை படித்தார். “சார், தப்பா எடுக்காதீங்க. இத வாய்ல போட்டா வச்சிருக்கிற பல்லும் கொட்டிப்போவும்.”

“அது உங்கள் நாவின் குறை” என்றேன்.

“அவரு அங்க வாயத் தொறந்து நிக்காரு, நமக்கு ‘நறுமணம்’னு ஒதடு ஒட்டுது சார். பாருங்க.”

ரெஜினா கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், “ஓகே, டேக்” என்றாள். நல்ல வசனத்துக்கு அதிகாரம் தானாக வரும்.

மார்ச் 27, வியாழன்

இட்லி மாவு பொங்கி வழிந்து குளிர்பதனப் பெட்டிக்குள் ஓடியது. எட்டாம் பகுதியையும் ‘நங்கையே’ என்றே தொடங்கி முடித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ஒன்பதாம் பகுதியில் ஓர்வின் மேபலின் அப்பாவோடு மீன் குழம்பு மாதிரி ஏதோ ஒன்றைச் சாப்பிடுவதுபோல் நடிக்கிறான். அப்பா, மருமகன், மீன் முள். எனக்கு ஒரு வரியும் வரவில்லை. வராதது என் குறையல்ல. இருபத்தாறு வருடம் எழுதியதில் எந்த அசுரனும் மாமனாரோடு மீன் தின்றதில்லை.

மனைவியின் அக்கா உடல்நிலையை விசாரிக்காமல் இருப்பது முறையல்ல என்று உமையாளுக்குப் போன் செய்தேன். ஆச்சி தேறி வீட்டுக்கு வந்துவிட்டாராம். வாக்கரைப் பிடித்து நிற்கப் பழக்குகிறார்களாம். அவளுக்கும் பொழுது போகட்டுமே என்று காட்சியைச் சொன்னேன்.

“அவுகப்பா என்ன கேக்குறாரு?”

“‘குழம்பு எப்படி’ என்று கேட்கிறார்.”

“‘வீட்டுச் சாப்பாடு சாப்புட்டு ரொம்ப நாளாச்சு’ன்னு சொல்லட்டும். பொய்யும் இல்லையில்ல?”

பேச்சுவாக்கில் சொன்னாள். பேச்சுவாக்கில் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆச்சியின் உடல்நிலையை விசாரிக்க இன்று நான்கு முறை போன் செய்தேன். உறவினரிடம் இவ்வளவு அக்கறை காட்டும் ஆண்கள் இந்தக் காலத்தில் குறைவு. பத்தாம் பகுதி முடிந்தது.

தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிவிட்டது. சனி, ஞாயிறு சாயங்காலம் ஏழரைக்கு. முதல் இரண்டு பகுதிகளுக்கு நல்ல பெயர். எங்கள் குடியிருப்பின் செயலாளர், தலைமுடிக்குச் சாயம் பூசும் மனிதர், படிக்கட்டில் நிறுத்தி, “வயிரவன் சார், நம்ம வீட்டுல பேசுற மாதிரியே இருக்கு சார்” என்றார். அவர் வீட்டில் அவ்வளவு நன்றாகப் பேசுவார்கள் என்று தோன்றவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பதினோராம் பகுதி. ஒரே ஒரு வரியில் நிற்கிறது. காலையில் போன் செய்தேன். எடுக்கவில்லை. பத்தரைக்குச் செய்தேன். “ஆச்சிய நடக்க வைக்கிற நேரம், பெறகு பேசுறேன்” என்று வைத்துவிட்டாள். பன்னிரண்டுக்குச் செய்தேன்.

“ஒரு வரிதான் உமையா. நீ கேட்டுக்கொண்டே வேலையைப் பார்.”

மறுமுனையில் ஆச்சியின் குரல் கேட்டது. “யாரு, ஒங்க வீட்டுக்காரவுகளா? எழுதிக் குடுக்கிறது நீயாத்தா? சம்பளம் போடச் சொல்லு.” வயசானவர்கள் எதையும் சத்தமாகத்தான் சொல்வார்கள்.

உமையாள் ஆச்சியைக் கட்டிலில் உட்காரவைப்பது கேட்டது. பிறகு, “நானும் ஒண்ணு கேக்குறேன். ஆச்சிக்கு முறிஞ்சது எந்தப் பக்கம்? வலதா, இடதா?” என்றாள்.

ஒரு மாதமாகத் தினமும் விசாரிப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

“வலது” என்றேன்.

போனை வைத்துவிட்டாள். இதற்கும் பதினோராம் பகுதிக்கும் என்ன தொடர்பு என்று விளங்கவில்லை. வரியை நானே எழுதி முடித்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஏழு, எட்டாம் பகுதிகள் ஒளிபரப்பாயின. தனியாக எழுதியவை.

‘நங்கையே’ ஓடிய பத்தாவது நிமிடத்தில் எதிர் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அழும் காட்சி அது. காலையில் என் அண்ணன் மகன் திருச்சியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஓர்வின் கண்ணீரோடு நிற்கிறான். ‘நின் செங்குருதியின் நறுமணம்’ என்ற இடத்தில் யாரோ பிரியாணி அண்டாவைத் திறக்கும் காட்சியை ஒட்டியிருக்கிறார்கள். மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ‘சித்தப்பா, இது உங்க சீரியல்தானே?’ என்று கேட்டிருந்தான். பால் வாங்கப் போகையில் படிக்கட்டில் இரண்டு குழந்தைகள் ஒன்றையொன்று ‘நங்கையே’ என்று கூப்பிட்டு மூச்சுவாங்கச் சிரித்தன.

இரசனை கெட்ட சமூகம் என்று நான் முன்பே எழுதியிருக்கிறேன். கதவைத் தாழிட்டுக்கொண்டேன். மதியம் சமைக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ரெஜினா கூப்பிட்டு அனுப்பினாள். சேனலில் பேசியிருக்கிறார்கள். இனி வரும் பகுதிகளை வேறு ஒருவர் பார்க்கட்டும் என்கிறார்களாம்.

“சார், நான் உங்களுக்காகத்தான் பேசினேன். மேடம் திரும்பி வர்றவரைக்கும் டைம் குடுங்கன்னு கேட்டேன்.”

“எந்த மேடம்?”

“உமையாள் மேடம்தான் சார்.”

“அவள் வருவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?”

ரெஜினா பேனாவை மூடினாள். “சார், பதினோரு வருஷமா எனக்குத் தெரியும். டேக்ல ஒரு வரி உக்காரலன்னா மத்தியானம் உங்க வீட்டுக்குப் போன் பண்ணுவேன். நீங்க தூங்கிட்டிருப்பீங்க. மேடம் எடுப்பாங்க. சீனச் சொல்லுவேன். ரெண்டு செகண்டுல சொல்லிடுவாங்க. ‘அவுக எழுதினதாவே இருக்கட்டும்’னு சொல்லிட்டுத்தான் வைப்பாங்க.”

“எத்தனை முறை?”

“எண்ணினது இல்ல சார்.”

“புராணத் தொடர்களிலுமா?”

“தேவர்கள் சபையில பேசுறதெல்லாம் நீங்க சார். அதுல யாரும் கை வைக்க முடியாது. அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசுறது மட்டும்...”

நம்பிக்கைத் துரோகம் என்பதற்கு அகராதியில் வேறு பொருள் தேட வேண்டியதில்லை. நான் தூங்கும்போது என் வீட்டுத் தொலைபேசியில் என் மனைவியோடு என் இயக்குநர்! பன்னிரண்டாம் பகுதியை நானே எழுதிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 2, வெள்ளி

பன்னிரண்டாம் பகுதியில் மேபல் ஓர்வினின் உண்மையை அறிந்துகொண்டு அவனிடம் பேசுகிறாள். இரண்டு நிமிடம். அவன் பதிலே சொல்வதில்லை. ஆறு விதமாக எழுதினேன். தேவகோட்டைக்குப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. பதினாறு நாள்.

அவள் எழுதிக் கொடுத்த தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்து பிரித்தெடுத்துக் கிழிக்கப் போனேன். பால்காரர் எண் அதில்தான் இருக்கிறது. திரும்ப ஒட்டிவிட்டேன்.

மே 3, சனி

ஆறையும் ரெஜினாவிடம் கொடுத்தேன். “வச்சிட்டுப் போங்க சார்” என்றாள். படிக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் தாளை யாரும் படிக்காமல் வாங்கி வைத்ததில்லை.

மே 6, செவ்வாய்

அழைக்காமலே ஸ்டுடியோவுக்குப் போனேன். என் ஆறு பிரதிகளில் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிய வேண்டுமல்லவா? நான் கொடுத்த தாள்கள் வரவேற்பு மேசை மேலேயே கிடந்தன. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டு அறையில் பின்நாற்காலியில் உட்கார்ந்தேன். ரெஜினா திரும்பிப் பார்த்தாள். எழுந்து போகச் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தாரிணி, மேபலுக்குக் குரல் கொடுக்கும் பெண். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தாளை ஒரு முறை பார்த்தாள். திரையில் மேபல் பேசத் தொடங்கினாள்.

“நீ என்னப் பாக்குறேன்னு எல்லாரும் சொல்றாங்க. இல்ல. நான் பக்கத்துல இருந்தாப் போதும் உனக்கு, அவ்வளவுதான். நான் ஒண்ணு சொன்னா அத எடுத்துக்கிட்டுப் போயிடுற. சொன்னது யாருன்னு ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கியா?”

இடைவெளி. ஓர்வின் தரையைப் பார்க்கிறான்.

“கோவமெல்லாம் இல்ல. கோவம்னா எப்பவோ போயிருப்பேன். இப்படி ஒருத்தி இருக்கான்னு யார்கிட்டயாவது சொல்லு. ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லு. போதும்.”

உதட்டசைவு அச்சாகப் பொருந்தியது. தொழில்முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாரிணி முடித்துவிட்டு, “மேம், யார் மேம் இது எழுதினது?” என்று ஒலிவாங்கியில் கேட்டாள். ரெஜினா ஒலிவாங்கியை அணைத்தாள். ஓரமாக உட்கார்ந்திருந்த டென்சில் என் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் ஆறு பிரதிகளையும் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆறிலும் மேபல் ‘அன்பே’ என்றுதான் தொடங்குகிறாள். உமையாள் முப்பத்து நான்கு வருடத்தில் என்னை அன்பே என்று கூப்பிட்டதில்லை. யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிறகு ஏன் இருபத்தாறு வருடமாக எழுதினேன் என்று தெரியவில்லை.

எல்லாரும் தேநீருக்குப் போனதும் ரெஜினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஆச்சி கட்டில் பக்கத்துலயே உக்காந்து, போன்லயே டைப் பண்ணி அனுப்பினாங்க சார். நான்தான் கேட்டேன். அவங்க மூணு நாள் யோசிச்சாங்க.” பிறகு சேனலுக்குப் போக வேண்டிய படிவத்தை எடுத்து வைத்தாள். இயக்கம், குரல், ஒலிப்பதிவு, தமிழ் வசனம். “பேர் எப்படிப் போடறது சார்? அவங்க ஒண்ணும் சொல்லல. உங்ககிட்டயே கேக்கச் சொன்னாங்க.”

‘வயிரவன்’ என்று எழுதினேன். பழக்கம். பக்கத்தில் ஒரு கோடு போட்டு ‘உமையாள்’ என்று எழுதினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசுரனுக்கு நான் எழுதியிருந்தால் இந்த இடத்தில் முழுப் பக்க வசனம் வைத்திருப்பேன்.

என் பெயரை அடித்தேன். அடித்தல் திருத்தலோடு ஒரு படிவம் போவது அழகல்ல என்பதால் வேறு படிவம் கேட்டு வாங்கி, ஒரே பெயராக எழுதிக் கொடுத்தேன்.

“டென்சில், தாரிணி எல்லாரையும் கூப்பிடு” என்றேன். வந்தார்கள். கையில் தேநீர்க் குவளை. “இதை எழுதியது என் மனைவி. இந்தத் தொடரில் நீங்கள் சிரிக்காமல் பேசிய எல்லாவற்றையும் அவள்தான் எழுதினாள்” என்று சொன்னேன்.

டென்சில், “தெரியும் சார்” என்றார். இத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

மே 8, வியாழன்

தேவகோட்டை. பாதி ராத்திரி கண்விழிக்காமல் பகல் ரயிலிலேயே வந்தேன். பெட்டியில் எதிரே இருந்த கல்லூரிப் பெண் ஓர்வின் படம் போட்ட பனியன் அணிந்திருந்தாள். அந்த மூஞ்சியை ஏழு மணி நேரம் பார்த்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

உமையாள் கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். “வாங்க. சாப்புட்டீகளா?” என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. படிவத்தைப் பற்றி ரெஜினா சொல்லியிருப்பாள்.

ஆச்சி கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கால் தலையணை மேல் இருந்தது.

“இடது” என்றேன் உமையாளிடம்.

“ம்.”

“இன்னும் பன்னிரண்டு பகுதி இருக்கிறது. நீ எழுது. சமையல், மருந்து, வாக்கர் பிடிப்பது நான் பார்க்கிறேன்.”

“ஒங்களுக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியுமா?”

“ஏழு வாரம் தனியாக இருந்தேன்.”

“அது தெரியும். மாவு வழிஞ்சது எதிர்வீட்டு அக்கா சொன்னாக.” என் பெட்டியைத் திறந்து மடிக்கணினியை வெளியே எடுத்தாள். அதற்காகவே காத்திருந்தவள்போல் முந்தானையால் துடைத்தாள். “நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீக. எனக்கு வேலை இருக்கு. அவ்வளவுதான்.”

“சரி” என்றேன்.

மே 10, சனி

ஆச்சியைப் பதினான்கு அடி நடக்கவைத்தேன். நான் வாக்கருக்கு முன்னால் பின்வாக்கில் நடக்க வேண்டும். “எழுத்துதான் வரலைன்னா நடையாவது வருதா பாப்போம்” என்கிறார். இவருடைய நாக்குக்கு எலும்பு முறிவே வராது.

ரசத்தில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். உமையாள் அதையும் குடித்தாள். பதினைந்தாம் பகுதியில் இருக்கிறாள். எட்டிப் பார்த்தேன். ‘புலம்பல்’ என்று போட்டிருந்த இடத்தில் ‘அங்கலாய்ப்பு’ பொருத்தமாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நாளைக்கு அவளாகக் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

மே 11, ஞாயிறு

மூவரும் உட்கார்ந்து பன்னிரண்டாம் பகுதி பார்த்தோம். ஆச்சிக்கு இதுதான் முதல் முறை. “ரத்தங் குடிக்கிறவன் இம்புட்டு வெள்ளையாவா இருப்பான்? செவசெவன்னு இருக்க வேணாமா?” என்றார். இத்தனை வாரத்தில் இந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட ஒரே உருப்படியான விமரிசனம் அதுதான்.

மேபல் பேசத் தொடங்கினாள். உமையாள் திரையைப் பார்த்தாள். நான் உமையாளைப் பார்த்தேன். அவள் உதடு வசனத்தோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இதை இன்றுதான் பார்த்தேன்.

முடிவில் பெயர்கள் ஓடின. ஒன்றரை விநாடி.

தமிழ் வசனம்: உமயாள்.

“போட்டாகளா?” என்றார் ஆச்சி. கண்ணாடி போட்டிருக்கவில்லை.

“போட்டாக” என்றாள் உமையாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

உமயாள்! அந்த ஐகாரத்தைத் தின்றவன் எவன்? நான்கே எழுத்து இருக்கிற பெயர்; அதில் இரண்டாம் எழுத்தைச் சரியாக எழுதத் தெரியாதவனைச் சேனலில் உட்கார்த்திக் கணினி கொடுத்திருக்கிறார்கள்.

மே 12, திங்கள்

காலை பத்து மணிக்கே சேனலுக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்றார்கள். அழுத்தினேன். இருபது நிமிடம் ஏதோ பாட்டைப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். பிறகு ஒருவன் எடுத்தான். மூன்று தலைமுறைக்கு முந்திய எழுத்துச் சீர்திருத்தத்திலிருந்து தொடங்கி, பெயர் என்பது என்ன, அதில் ஒரு எழுத்து பிசகினால் ஆளே மாறிவிடும் என்பது வரை விளக்கினேன். அடுத்த சனிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் நேரில் வருவேன் என்றேன். கூடத்தில் ஆச்சி வாக்கரோடு நின்றுகொண்டு, “விடாதீக, விடாதீக” என்று சைகை காட்டினார்.

உள்ளறையில் உமையாள் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றிருந்தது.

“சரி சார், நோட் பண்ணிக்கிறேன். நீங்க யாரு பேசுறீங்க?” என்றான் அவன்.

“எழுத்தாளர் வீட்டிலிருந்து பேசுகிறேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே மறுபடியும் தட்டும் சத்தம் கேட்டது.